புழு அக்காவின் கடலை மாவு

இந்த ஊரில் ஏசியை எதிர்த்து ஜெயித்த ஒரே ஆள் புழு அக்காதான். சிங்கப்பூரே பெங்குவின் வளர்க்கிற மாதிரி ஆபீஸ்களைக் குளிரவைத்துக்கொண்டிருக்க, அவர் அறையில் மட்டும் நாங்கள் வேர்த்து வழிவோம். யாராவது ரிமோட்டைத் தொட்டால் போச்சு. "கை வச்சே, கையை ஒடிச்சிடுவேன். என் புள்ளைங்களுக்குக் குளிரும்!"

பிள்ளைகள் என்றால் தக்காளியைத் துளைத்துத் தின்னும் காய்ப்புழுக்கள். பூச்சிமருந்து சோதனைக்காக எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவற்றை வளர்ப்பதுதான் அக்காவின் வேலை. விவசாயி விரட்டி விரட்டிக் கொல்லும் ஜந்துவுக்கு இங்கே ராஜ உபசாரம். கடலை மாவு, ஈஸ்ட், வைட்டமின் எல்லாம் சேர்த்து, அகர் அகர் கடற்பாசி காய்ச்சி ஊற்றி, உறைந்ததும் துண்டு போட்டு, புழுவுக்கு ஒரு கிண்ணம் என்று பரிமாறுவார். இரண்டை ஒன்றாக விட்டால் ஒன்று மற்றதைத் தின்றுவிடும்.

"ஆளுக்கு ஒரு ரூம் கொடுத்திருக்கேன் தம்பி. சிராங்கூன் ரோட்டுல உனக்கு அது கிடைக்குமா?"

அப்போது நான் ஊரிலிருந்து புதிதாக வந்து, அடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் படுத்துக்கொண்டிருந்தவன்.

ஒரு வாரம் புழுக்கள் சாப்பாட்டைத் தொடாமல் சுருண்டன. ஒவ்வொன்றாகச் செத்தன. மேலாளர் வந்து பார்த்தார். பேச்சுக்குப் பேச்சு 'லா' போடும் உள்ளூர்க்காரர், நல்ல மனுஷன்தான், பொறுமை மட்டும் கிடையாது.

"ஃப்ரைடேக்குள்ள எல்லாத்தையும் ஃப்ரீசர்ல போட்டு முடிச்சிடுங்க லா. ப்ராஜெக்ட் இல்லன்னா உங்க வொர்க் பாஸையும் ரினியூ பண்ண முடியாது."

புழு செத்தால் அக்கா ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். அக்கா ஃப்ரீசர் கதவுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"முதல்ல என்னை உள்ள போடுங்க சார், அப்புறம் அதுங்களைப் போடலாம். பசியில கிடக்குறதுங்களைக் கொல்ல நான் விடமாட்டேன்."

மேலாளர் வாட்சைப் பார்த்துக்கொண்டே வெளியேறினார்.

அக்கா எழுந்து மாவு டின்னைத் திறந்தார். காய்ச்சும்போது ஈஸ்ட் நாற்றத்தில் எதுவும் தெரிந்திருக்கவில்லை. இப்போது ஒரு பிடி அள்ளி முகர்ந்ததும் முகம் மாறியது. "கிளம்பு, தேக்காவுக்கு!"

மாவு வாங்குவது அந்தத் தேக்கா சந்தையில் ஒரு பாய் கடையில். போன தடவை மாவில் வண்டு இருந்ததென்று, கூட்டத்துக்கு நடுவில் அக்கா பாயை ஒரு பிடி பிடித்திருந்தார். பாய்க்கு அது மானப் பிரச்சினை ஆகிவிட்டது.

"இந்தத் தடவை வசம்பை அரைச்சுக் கலந்துட்டேன்மா! எங்க வாப்பா காலத்துப் பழக்கம். இனி உங்க மாவுல ஒரு புழு உயிரோட இருக்காது!" என்றார் மார்தட்டி.

அவர் மேல் தப்பில்லை. அக்கா பஜ்ஜிக் கடை வைத்திருப்பதாகத்தான் அவர் அத்தனை நாளும் நினைத்திருந்தார். புழுவுக்குப் போடும் மாவில் பூச்சி இருக்கக்கூடாது என்று சண்டை போட்ட அக்கா, நெற்றியில் அடித்துக்கொண்டார். அப்புறம் கடை அதிரச் சிரித்தார்.

பிழைத்தவை கொஞ்சம்தான். புது மாவில் காய்ச்சி வைத்ததும் அவை தலை நிமிராமல் தின்றன. வெள்ளிக்கிழமை மேலாளர் கிண்ணம் கிண்ணமாகக் குனிந்து பார்த்துவிட்டு, "ரினியூவல் அனுப்பிடுறேன் லா" என்று முனகினார். அக்கா நன்றி சொல்லவில்லை.

"சார், கதவைச் சாத்துங்க. குளிர் உள்ள வருது."

மதியம் வழக்கம்போல் டிபன் டப்பாவைத் திறந்து, மூடியில் எனக்குப் பாதியை வைத்தார். புழுக்களையெல்லாம் தனித்தனியாக உட்காரவைத்துச் சோறு போட்ட அந்த அக்கா, இந்த ஊரில் என்னை ஒருநாளும் தனியாகச் சாப்பிட விட்டதில்லை.