பவளத்தைப் படுக்க விடாதீர்கள்

பவளம் மூன்றாவது முறையாகக் கீழே படுத்தது.

"எந்திரிம்மா," என்று அவர் கெஞ்சினார். "உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

குதிரைப் பண்ணையில் அவரை எல்லோரும் "பயிற்சி சார்" என்று கூப்பிட்டார்கள். வயது நாற்பத்து நான்கு. பதினேழு வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவர். வேலை போனபின் ஆறு வாரக் குதிரைப் பராமரிப்புப் பயிற்சிக்குச் சேர்ந்து இது இரண்டாவது வாரம். லிஃப்ட் நின்றால் கோளாறு என்று தெரியும். குதிரை படுத்தால் கோளாறு என்பது இன்று காலைதான் தெரிந்தது.

பண்ணைக்கார அம்மா மற்ற ஆட்களோடும் எட்டுக் குதிரைகளோடும் கண்காட்சிக்குப் போயிருந்தாள். அவர் பொறுப்பில் விட்டது பவளத்தையும் இரண்டு மட்டக்குதிரைகளையும் மட்டும். பவளம் போன மாதம் சந்தையில் வாங்கிய செம்பழுப்புப் பெண்குதிரை. "தின்னே தொந்தி போட்டிருக்கு" என்று அதன் தீனியைப் பாதியாகக் குறைத்திருந்தாள் அம்மா.

காலையிலிருந்து பவளம் எதையும் தொடவில்லை. உடம்பெல்லாம் வேர்வை. நிமிடத்துக்கொரு தரம் திரும்பித் தன் வயிற்றையே பார்த்தது. அவர் கால்நடை டாக்டருக்குப் போன் செய்தார்.

"வயித்து வலிதான்," என்றார் டாக்டர். "படுத்துப் புரண்டா குடல் முறுக்கிக்கும். நடத்திட்டே இருங்க. நான் வர ரெண்டு மணி நேரம் ஆகும். வேற ஏதாவது தின்னுச்சா?"

அவர் காலிப் பை ஒன்றைக் காலால் ஓரம் தள்ளினார்.

"நேத்து ராத்திரி கேரட் கொடுத்தேன் சார். பசியோட பார்த்துது, மனசு கேக்கலை."

"ஒண்ணு ரெண்டு கேரட்டால ஒண்ணும் ஆகாது."

"ரெண்டு கிலோ சார்."

டாக்டர், "நடத்துங்க," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

நடத்தினார். ஒவ்வொரு சுற்றிலும் பவளம் கொட்டிலை நோக்கியே இழுத்தது. அங்கே வைக்கோல் மெத்தென்று கிடந்ததுதான் காரணம் என்று தோன்றியது. அதை முழுக்க வாரி வெளியே முற்றத்தில் குவித்தார். பவளம் நேராகப் போய் அந்தக் குவியலில் படுத்துக்கொண்டது.

அதை எழுப்புவதற்குள் அவருக்குப் பாதி உயிர் போனது. எழுந்த குதிரை அவருடைய வலது காலில் நின்றதில் மீதியும் போகப் பார்த்தது. நொண்டிக்கொண்டே மனைவிக்குப் போன் செய்தார்.

"இது செத்துப்போச்சுன்னா நான்தான் கொன்னேன்னு ஆயிடும்," என்றார்.

"ஒண்ணும் ஆகாது. பேச்சு கொடுத்துட்டே இருங்க. எனக்குக் குடல்வால் வலி வந்தப்ப ஆஸ்பத்திரி போற வரைக்கும் பேசிட்டே வந்தீங்களே."

"என்ன பேசினேன்?"

"லிஃப்ட் கேபிளைப் பத்தி. வந்த கோவத்துல வலியே மறந்துபோச்சு."

அவர் பவளத்துக்கு லிஃப்ட் கேபிளைப் பற்றிச் சொன்னார். எத்தனை இழை, எவ்வளவு பாரம் தாங்கும் என்று விளக்கினார். பவளம் காதுகளைப் பின்னால் மடக்கி அவர் தோள் சட்டையைக் கடித்துக் கிழித்தது. சரி, பேச்சு வேண்டாம் என்று கயிற்றைக் குறுக்கி வேலிக் கம்பத்தில் கட்டினார். தலை தாழாவிட்டால் எப்படிப் படுக்கும்?

பவளம் ஒரே இழுப்பில் கம்பத்தைப் பிடுங்கியது. கம்பத்தோடு வேலி சாய்ந்தது. சாய்ந்த வேலியைத் தாண்டி இரண்டு மட்டக்குதிரைகளும் காய்கறித் தோட்டத்துக்குள் புகுந்தன. அவர் அவற்றைப் பார்க்கவேயில்லை. பவளத்தின் கால்கள் நடுங்கி மடங்கிக்கொண்டிருந்தன. அதன் நெஞ்சுக்குக் கீழே தோளைக் கொடுத்து, லிஃப்டைக் கையால் தாங்குகிறவரைப் போல முட்டுக்கொடுத்து நின்றார்.

"மன்னிச்சிடு," என்றார். கண்ணில் நீர் வழிந்தது. "இனிமே கேரட் பக்கமே போகமாட்டேன்."

அப்போது தீவன லாரி உள்ளே வந்தது. ஓட்டி வந்த பெண்மணி இறங்கி, குதிரைக்குப் பின்புறமாக நடந்துவந்து நின்றாள்.

"கிட்ட வராதீங்கம்மா, சீக்குக் குதிரை," என்றார் அவர், முட்டுக்கொடுத்தபடியே. "டாக்டர் வர்ற வரைக்கும் படுக்கவே விடக்கூடாது. காலையிலேருந்து தடுத்துட்டிருக்கேன்."

அந்தப் பெண் குனிந்து பார்த்தாள், நிமிர்ந்தாள்.

"முதல்ல அதைப் படுக்க விடுங்க சார். இந்தப் பக்கமிருந்து பார்த்தா இதுக்கு ஆறு கால் இருக்கு, அதுல ரெண்டு ரொம்பச் சின்னது."