தராசில் போட்ட தலைவலி மாத்திரை

அன்பு மகள் ஜெயந்தினிக்கு,

திம்புள்ளயிலிருந்து அப்பா பழனியாண்டி சொல்லி எழுதுவது. இங்கே நான், ஆடு, அடை மழை எல்லாம் சுகம். அம்மாவின் தலை மட்டும் சுகமில்லை. கொழும்பில் நீயும் மாப்பிள்ளையும் நல்லாயிருக்க மாரியாத்தா துணை. கையெழுத்து மருந்துக்கடை நஜீமுடையது, வெட்கம் என்னுடையது. ஃபோனில் சொல்ல வாய் வரவில்லை.

அம்மாவின் ஒற்றைத் தலைவலிக்கு டாக்டர் கொடுத்த இரண்டில், விழுங்குகிற சுமாட்ரிப்டானா, நாக்கில் கரைகிற ரிசாட்ரிப்டானா, எது நல்லது என்று பார்த்துச் சனிக்கிழமை கிளினிக்குக்கு முன் சொல்லச் சொன்னாய். எழுத்துத் தெரியாவிட்டாலும் எனக்கு எதுவும் மறக்காது என்று பெருமையாக ஏற்றேன். தேயிலைத் தோட்டத்தில் ஆள்களை மேய்க்கும் கங்காணியாக இருபத்தைந்து வருஷம் இருந்தவனுக்கு அளவு என்றால் கொழுந்துத் தராசுதானே? வலி வந்த இரண்டு நாளும், ஆளுக்கொன்றாக மாத்திரை உள்ளே போனதும் "எந்திரி சம்முகவடிவு, மலைக்குப் போ" என்று கூடையை மாட்டி அனுப்பினேன். முதல் நாள் விழுங்கிய மாத்திரைக்குப் பதினோரு கிலோ கொழுந்து, கரைகிற மாத்திரைக்குப் பத்தொன்பது. ஆகவே கரைகிறதுதான் கெட்டி என்று எழுதச் சொன்னேன்.

நஜீம் பேனாவை வெச்சுட்டாரு. "ஐயா, இருட்டுல படுக்க வெச்சு, ரெண்டு மணி நேரத்துல வலி போச்சான்னு பாக்குற மருந்து இது. நீங்க என்ன, உரமா போட்டீங்க?"

கடையில நின்ன வேலாயி, அம்மாகூடக் கொழுந்து எடுக்கிறவ, சிரிச்சா. "அந்தப் பத்தொம்பது கிலோவும் நாங்க நாலு பேரு கிள்ளிப் போட்டது, கங்காணி. வடிவக்கா அன்னைக்கு வாந்தி எடுத்துத் தேயிலைக்கு அடியில கெடந்துச்சு."

தொண்ணூத்தி நாலுல, நீ தொட்டில்ல கெடந்தப்ப, காலையில பேரு கூப்பிடுற பெரட்டுல எல்லாருக்கும் முன்னால, "தலைவலியா, இல்ல கூடைக்கயித்தத் தலையில மாட்ட மனசில்லையா?"ன்னு கேட்டு அவளுக்கு அரைநாள் சம்பளத்துக்கு மட்டும் பேரு போட்டவன் நான். அன்னைக்கு அடிச்ச மழை, அவ கட்டியிருந்த பச்சைச் சீலை, எல்லாம் ஞாபகமிருக்கு. அவ சொன்ன பதில் மட்டும் இல்ல. நின்னு கேட்டிருந்தாத்தானே இருக்கும்.

எந்த மாத்திரை நல்லதுன்னு எனக்குத் தெரியாது தாயி. அப்பன் கெடுத்துட்டான்னு டாக்டர்கிட்ட சொல்லிரு.

உங்கள் இருவர் தலையும் வலியறியாமல் இருக்க என் ஆசி.

அப்பா பழனியாண்டி (பெருவிரல் ரேகை)

பி.கு: உறையை ஒட்டுமுன் என்னைத் தேடி அம்மாவே கடைக்கு வந்துவிட்டாள். நஜீம் அவளிடமே கேட்டார். "மொதல்ல போட்டது ஒரு மணி நேரத்துல வலிய எடுத்துருச்சு தம்பி, பொழுது சாயத்தான் திரும்புச்சு. கரையிறதுல ஒண்ணும் கொறையல" என்றாள். ஆகையால் கிலோக் கணக்கு அத்தனையும் தலைகீழ். சுமாட்ரிப்டான் என்றே டாக்டரிடம் சொல். "அப்பவே ஏன்டி சொல்லல?" என்றேன். "நீங்கதான் தராசப் பாத்துக்கிட்டு இருந்தீங்களே" என்றாள்.