நாரத்தங்காய் தின்ற ஸ்பெயின் சம்பந்தி

பத்தாவது வரை படித்தவன் சொற்களின் பூர்வீகத்தைப் பற்றி எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் கூடினால் கதவுக்குப் பின்னால் போய் நிற்கிற ஆள் நான். (என் கல்யாண போட்டோவிலேயே பாதி முகம்தான் விழுந்திருக்கிறது.)

அக்கா மகள் ஜெனிபர் ஸ்பெயினில் நர்ஸ். அங்கேயே ஒரு பையனைப் பிடித்துவிட்டாள். பையனின் அப்பா, பெண் வீட்டைப் பார்த்த பிறகுதான் சம்மதம் சொல்வேன் என்று ஜெனிபரோடு எங்கள் ஊர் காமயகவுண்டன்பட்டிக்கே வந்துவிட்டார். தாய்மாமன் இரண்டு வார்த்தையாவது பேசியாக வேண்டும்.

திராட்சைப் பந்தலுக்கடியில் போனும் கையுமாகக் கிடந்து ஸ்பானிஷ் வீடியோ பார்த்தேன். தூக்கிவாரிப் போட்டது! சர்க்கரைக்கு அவர்கள் ஊரில் 'அசூகார்', இங்கிலீஷில் 'சுகர்'. இரண்டும் நம் பக்கமிருந்து போனவையாம். அவர்களின் 'நாரன்ஹா', இங்கிலீஷ் 'ஆரஞ்சு', நம் நாரத்தை மூன்றும் ஒரே குடும்பம் என்கிறார்கள். அந்த நாரத்தையோ எங்கள் வீட்டு ஜாடியில் உப்பில் ஊறிக்கொண்டிருந்தது!

சம்பந்தி சாப்பிட உட்கார்ந்ததும் அவர் இலையில் ஒரு துண்டை வைத்து, "நாரன்ஹா!" என்றேன். மனிதர் முகம் மலர்ந்தார். தொட்டு நக்க வேண்டியதை முழுசாக வாயில் போட்டுக் கடித்தார்.

ஒரு கண் மூடிக்கொண்டது. மறு கண்ணில் நீர். துப்பவில்லை, விழுங்கிவிட்டார்.

எங்கள் வீட்டில் இலையில் எது காலியானாலும் கேட்காமல் வைப்பார்கள். அக்கா ஓடி வந்தாள்.

"ஏலே, சம்பந்தி எம்புட்டு ரசிச்சுச் சாப்பிட்டாக! நீ மரமாட்டம் நிக்கிற?"

இரண்டு துண்டு வைத்தாள். அதையும் தின்றார். மறுபடி வைத்தாள். (நான் கதவுப் பக்கம் நகர்ந்தேன்.)

"அம்மா, வைக்காத! அவுகளுக்கு பிரஷர் இருக்கு!" ஜெனிபர் அலறினாள். "என்ன மாமா சொல்லிக் குடுத்தீக?"

"சொல்லோட பூர்வீகம்..."

"கல்யாணமே நின்னு போச்சுன்னு வச்சுக்கங்க!"

அவர் ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்து முடித்து, மூச்சு வாங்கியபடி ஏதோ கேட்டார். ஜெனிபர் முகம் ஒரு மாதிரிப் போனது.

"மாப்பிள்ளை வீட்டாளுகளுக்கு வைக்கிற பரீட்சையா இதுன்னு கேக்குறாக மாமா. பாஸாயிட்டாகளான்னு தெரியணுமாம்."

"பாஸ்," என்றேன். அன்று சம்பந்தியிடம் நான் பேசிய இரண்டாவது வார்த்தை.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. இப்போதும் எங்கள் வீட்டுக்கு யார் பெண் கேட்டு வந்தாலும், "மாமன் பரீட்சைக்கு ஜாடியை எடுக்கவா?" என்று யாராவது கத்துகிறார்கள்.

பரீட்சைக்கு மறுநாள் அவருக்கு இட்லிக்குச் சீனி தொட்டுக்கொள்ளக் கொடுத்தோம். ஆறு இட்லி சாப்பிட்டார்.