கெப்டன் றஊபைப் பற்றி நீங்கள் கேட்டிருந்தது

இரத்மலானை,
14.03.1982.

என் மதிப்புக்குரிய மூத்த காக்கா கச்சிமுகம்மது அவர்களுக்கு, தம்பி ஜெமீல் ஸலாம் சொல்லி எழுதுவது. வல்ல நாயன் உதவியால் இங்கு நானும் சுகம், நான் ஓட்டும் விமானமும் சுகம். அங்கு நீங்களும் மதினியும் பிள்ளைகளும் சுகமாக இருக்கவும், சவளக்கடை வயலில் இந்தப் போகம் நெல் குறைவில்லாமல் வீடு வந்து சேரவும் துஆச் செய்கிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் பெண் எடுத்த அட்டாளைச்சேனையிலிருந்து எங்கள் தங்கச்சி நதீராவைக் கேட்டு வந்திருக்கிறார்கள் என்றும், மாப்பிள்ளை என்னுடைய கம்பனியிலேயே விமானம் ஓட்டும் றஊப் என்றும், "நீதானே அவனோட ஒண்டாத் திரியிறாய், ஆள் எப்பிடியெண்டு உள்ளத உள்ளபடி எழுது" என்றும் கேட்டிருந்தீர்கள். வாப்பா மௌத்தான பிறகு தங்கச்சிக்கு நீங்களும் நானும்தான் பொறுப்பு. ஆகையால் பொறாமை ஒரு துளியும் கலக்காமல் எழுதுகிறேன்.

றஊப் கம்பனிக்கு வந்தது எனக்கு மூன்று வருடம் கழித்து. வந்த அன்று அவனுக்குக் கழுத்துப்பட்டி முடிச்சுப் போடத் தெரியாது. நான்தான் போட்டுவிட்டேன். எந்தக் கடையில் ஹலால் சாப்பாடு கிடைக்கும், எந்தக் கெப்டனிடம் வாய் திறக்கக் கூடாது, மட்டக்களப்பு ஓடுபாதைக்கு இறங்கும்போது மாடு நிற்கிறதா என்று எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், எல்லாம் நான் சொல்லிக் கொடுத்தது. இன்றைக்கு அவன் இடப்பக்கக் கெப்டன் ஆசனத்தில் தோளில் நான்கு கோட்டோடு இருக்கிறான். நான் வலப்பக்கத்தில் துணை விமானியாக, பழைய இரண்டு கோட்டோடு, அவனுக்கு ஒவ்வொரு பொத்தானாக வாசித்துக் காட்டிக்கொண்டிருக்கிறேன். அதற்கு மேல் அவன் என்னைக் "காக்கா" என்று வேறு கூப்பிடுகிறான். "டேய் ஜெமீல்" என்று கூப்பிட்டால் கோபப்படவாவது ஒரு வழியிருக்கும்.

அவன் எப்படிக் கெப்டன் ஆனான் என்று கேட்பீர்கள். எங்கள் தொழிலில் படித்த படிப்புக்கும் வயதுக்கும் மரியாதை இல்லை, பறந்த மணித்தியாலத்துக்குத்தான் மரியாதை. கம்பனி சொன்ன மணித்தியாலத்தை யார் முதலில் முடிக்கிறானோ அவன் கெப்டன். எனக்கு இன்னும் நாற்பது மணித்தியாலம்தான் பாக்கியிருந்தது, அவனுக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆனால் என் வீடு சாய்ந்தமருதில். சுல்பிகா அவளுடைய உம்மாவை விட்டுக் கொழும்புக்கு வர மாட்டாள், அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. ஆகையால் லீவு கிடைத்தவுடன் நான் பஸ் ஏறுகிறேன். இதில் உள்ள கூத்தைக் கேளுங்கள் காக்கா. செவ்வாய்க்கிழமை காலையில் ஒரே மணித்தியாலத்தில் நான் விமானத்தை மட்டக்களப்பில் கொண்டுவந்து இறக்குகிறேன். அங்கிருந்து என் வீடு இருபத்தைந்து மைல். இருபத்தைந்து நிமிடம் அங்கே நின்று, ஒரு பிளேன்டீ குடித்து, திரும்ப இரத்மலானைக்குப் பறக்கிறேன். மறுநாள் லீவென்றால், கண்டி, மஹியங்கனை, பதியத்தலாவ என்று பதினொரு மணித்தியாலம் பஸ்ஸில் குலுங்கி, முதல் நாள் நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே வந்து இறங்குகிறேன். முந்தின முறை பக்கத்து ஆசனத்தில் இருந்த மனிசன், "தம்பி என்ன தொழில்?" என்று கேட்டார். பிளேன் ஓட்டுறன் என்றேன். அவர் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

றஊபுக்கு இந்தக் கஷ்டம் எதுவும் இல்லை. கலியாணம் முடிக்காத ஆள். விமான நிலையத்து மதிலுக்கு மறுபக்கம் ஒரு அறை எடுத்திருக்கிறான். அலுவலகத்திலிருந்து கூப்பிட்டால் கட்டியிருக்கும் சாரத்தை மாற்றிக்கொண்டு ஐந்து நிமிடத்தில் வந்து நிற்பான். தை மாதம் இன்னொரு துணை விமானிக்குக் கூகைக்கட்டு வந்து இரண்டு கன்னமும் வீங்கிவிட்டது. அவனுடைய பறப்பெல்லாம் கையில் கிடைக்கிறவனுக்கு. எனக்குத் தந்தி வந்தபோது நான் வீட்டில் இல்லை, உங்களோடு சவளக்கடை வயலில் வாய்க்கால் வரம்பு கட்டிக்கொண்டிருந்தேன், ஞாபகம் இருக்கும். அடுத்த நாள் ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்தேன். பதியத்தலாவயில் டயர் வெடித்தது. மாற்று டயரிலும் காற்றில்லை. நான் இரத்மலானைக்கு வந்து சேர்ந்தபோது மஃரிப் ஆகி இருட்டிவிட்டது. றஊப் அன்றைக்கு மட்டும் இரண்டு தடவை மட்டக்களப்புக்குப் போய்வந்துவிட்டான். "காக்கா களைச்சிப் போய் வந்திரிக்கீங்க, படுங்க, நாளைக்கும் நான் பாத்துக்குறன்" என்றான். நானும் மடையன் போலப் படுத்தேன். அந்தக் கூகைக்கட்டு வற்றுவதற்குள் அவன் கெப்டன் ஆகிவிட்டான்.

சரி, அது தொழில். குணத்துக்கு வருகிறேன். போன மாதம் ஒரு நாள் லீவு முடிந்து திரும்பும்போது, பஸ்ஸுக்குப் போக உடம்பு முடியாமல், மட்டக்களப்பில் எங்கள் கம்பனி விமானத்தில் ஏறினேன். இடமிருந்தால் ஊழியர் சும்மா போகலாம். அன்றைக்குக் கெப்டன் றஊப். ஆறு பெட்டி இறால் ஏற்றியிருந்தார்கள். நான் ஏறி இருந்து, பெல்ட்டும் போட்டுவிட்டேன். அவன் தாளில் ஏதோ கூட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தான்.

"காக்கா, கோவிச்சிக்கிறாதீங்க, பாரம் கூடிப் பெய்த்து. வெயிலும் சரியான வெயில், பிளேன் எழும்பாது. நீங்க எறங்கணும்."

"எறால எறக்குடா" என்றேன்.

"எறாலுக்குக் காசு கட்டியிரிக்கி காக்கா."

என்னை இறக்கிவிட்டான். பன்னிரண்டு வருடம் படித்துப் பரீட்சை எழுதி விமானியானவன், இறாலுக்கு இடம்விட்டு வெயிலில் நின்று தன் விமானம் மேலே போவதைப் பார்த்தேன். உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், அன்றைக்கு எங்கள் மனேஜருடைய மச்சானையும் அவன் இறக்கிவிட்டான். அந்த ஆள் தூசணத்தால் ஏசினார், றஊப் குரலை உயர்த்தவில்லை. தன்னுடைய பையையும் எடுத்து என் கையில் தந்து, "இத பஸ்ஸில கொண்டுவாங்க காக்கா, இதுவும் பாரந்தானே" என்றான். நான் இருந்திருந்தால் மனேஜரின் மச்சானை இறக்கியிருப்பேனா என்று பஸ்ஸில் பதினொரு மணித்தியாலமும் யோசித்தேன். பதிலை எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன்.

இன்னும் என்ன குற்றம் இருக்கிறதென்று ஒரு கிழமையாக விசாரித்தேன். சிகரெட் இல்லை. தொழுகை தவறுவதில்லை. அறைக்குச் சொந்தக்காரியான சிங்களக் கிழவிக்குக் கிணற்றில் தண்ணீர் அள்ளிக் கொடுக்கிறான். நித்திரையில் வாயைத் திறந்துகொண்டு படுக்கிறான், அது ஒன்றுதான் கண்ணால் கண்டேன். இவ்வளவு பிழையில்லாத ஒருவனை எப்படி நம்புவது என்பதே என் கவலை.

வீட்டிலும் எனக்கு நிம்மதி இல்லை. உம்மாவின் சீனி வருத்தத்துக்குக் கொழும்பிலிருந்து குளிசை நான்தான் வாங்குகிறேன், ஆனால் அதை மட்டக்களப்பில் தெரிந்த ஆளிடம் கொடுத்து அன்றைக்கே வீடு சேரச் செய்வது அவன். போன முறை போனபோது உம்மா என் தலையைத் தடவி, "றஊப் மகன் கெப்டனாம், நீ எப்பயாம் மனே?" என்று கேட்டார். உம்மா கேட்டதைக்கூடப் பொறுத்தேன். என் மகள் ஸைனம்பு, நான்கு வயது, கடற்கரைப் பக்கமாக ஒரு விமானம் போக, முற்றத்தில் ஓடி வந்து, "உம்மா, றஊப் மாமாட பிளேன்" என்று கத்துகிறாள். அந்த நேரம் நான் அவளுக்குப் பக்கத்தில் சாரத்தோடு நிற்கிறேன். சுல்பிகா சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள்.

ஆகவே காக்கா, நன்றாக யோசித்துச் சொல்கிறேன், இந்த மாப்பிள்ளை எங்களுக்குச் சரிவராது. காரணம் எழுதத் தெரியவில்லை, ஆனால் சரிவராது. நதீரா ஆசிரியர் கலாசாலையில் படிப்பை முடிக்கட்டும் என்று சொல்லி, அவர்களுடைய மனம் நோகாமல் அனுப்பிவிடுங்கள். அவளிடம் கேட்டதற்கு ஒன்றும் சொல்லாமல் அறைக்குள் போய்விட்டாள் என்று எழுதியிருந்தீர்கள். அது விருப்பமில்லாததால்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

மதினிக்கு என் ஸலாம். பிள்ளைகளுக்கு என் முத்தமும் துஆவும். உங்கள் முழங்கால் வலிக்கு எண்ணெய் வாங்கி வைத்திருக்கிறேன், வரும்போது கொண்டுவருகிறேன். அல்லாஹ் நம் எல்லோருடைய நாட்டங்களையும் நலவாக்கி வைப்பானாக.

இப்படிக்கு,
உங்கள் கீழ்ப்படிதலுள்ள தம்பி,
ஜெமீல்.

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தைத் தபாலில் போட மறந்து மூன்று நாள் சட்டைப் பையில் வைத்திருந்தேன். இன்று றஊபோடு மட்டக்களப்புக்குப் பறந்தேன். மஹியங்கனைக்கு மேலே போகும்போது, அவன் என் முகத்தைப் பார்க்காமல் முன்னாலிருந்த மானிகளின் முள்ளுகளையே பார்த்துக்கொண்டு, "காக்கா, ஒரு விசயம். கலியாணம் முடிச்சா நம்மட வழக்கப்படி பொண்ணூட்டுலதானே இரிக்கணும். கல்முனையால கொழும்புக்கு பஸ் எத்தின மணிக்கி?" என்று கேட்டான்.

"விடிய அஞ்சு மணிக்கி" என்றேன்.

"பஸ் சுகமா?"

"நல்ல பஸ்" என்றேன். அல்லாஹ் என்னை மன்னிக்க வேண்டும்.

"நதீராக்குச் சம்மதமெண்டா எனக்கு அதெல்லாம் ஒரு கஷ்டமில்ல காக்கா" என்றான். சொல்லும்போது காது சிவந்துபோயிருந்தது.

காக்கா, மேலே எழுதியதெல்லாம் என் வயிற்றெரிச்சல், அதைக் கிழித்து அடுப்பில் போடுங்கள். அவன் தங்கமான பிள்ளை. மதிலுக்கு மறுபக்கத்து அறை காலியானால் எனக்குத் தரும்படி கிழவியிடம் சொல்லிவிட்டேன். சுல்பிகாவைக் கேட்கவில்லை, என் மிச்ச மணித்தியாலத்தை முடிக்கும் வரை இரண்டு மாதத்துக்குத்தானே, கேட்டால் சம்மதிப்பாள். நதீராவிடம் இன்னொரு முறை மதினியை விட்டுப் பக்குவமாகக் கேட்டு, ஓம் என்றால், அந்த பஸ்ஸில் அவன் ஒரு தடவையாவது ஏறிப் பார்ப்பதற்கு முந்தி நாளைக் குறித்துவிடுங்கள்.