ஹீட்டரை நான் வென்ற விதம்

இந்தக் குளிர்காலத்தில் இங்கிலாந்தின் மின்சாரத்தையே ஒரு கை பார்த்துவிடுவது என்று தீர்மானித்தேன். காரணம் தேசபக்தி அல்ல. என் பாதங்கள்.

பள்ளியில் லத்தீன் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவனுக்கு மிஞ்சுவது கொஞ்சம் இலக்கணமும் சில்லிட்ட பாதங்களும்தான். என் படிப்பறையில் ஒரு சின்ன ஹீட்டர் உண்டு. அதன் முன் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டால், சீசரே வந்து கதவைத் தட்டினாலும் நாளைக்கு வரச் சொல்லிவிடுவேன்.

மாலை ஐந்து மணிக்கு நாடே ஒரே நேரத்தில் அடுப்பைப் போட்டு, கெட்டிலையும் தட்டிவிடுகிறது. மின்சாரம் திணறுகிறது. அதனால் சில நாட்களில் மின் நிறுவனம் முன்கூட்டியே செய்தி அனுப்பும்: ‘நாளை மாலை ஐந்திலிருந்து ஆறுவரை குறைத்துக்கொள்ளுங்கள்.’ அதிகம் குறைத்த வீடு தெருவில் முதலிடம். சென்ற முறை பக்கத்து வீட்டு டெஸ்மண்ட் முதல். நாங்கள் கடைசி.

“எல்லாம் உன் ஹீட்டரால வந்தது, லயனல்,” என்றாள் என் மனைவி மார்ஜரி. “அடுத்த தடவையும் தோத்தா, அதைப் பழைய சாமான் கடைக்குத் தானமா குடுத்துடுவேன்.”

“ஜெயிச்சா?”

“முதலிடத்துல இருக்கிற வரைக்கும் அதைத் தொட மாட்டேன். ஆனா எதை வச்சுக் கணக்குப் போடறாங்கன்னே எனக்குப் புரியலை. நீ படிச்சவன், கொஞ்சம் பாரேன்.”

பார்த்தேன். துள்ளிக் குதித்தேன்.

“மார்ஜரி, வழக்கமா நாம இழுக்கிற கரண்டோட ஒப்பிட்டுத்தான் குறைச்சதைக் கணக்குப் பண்றாங்க. அந்த வழக்கத்தையே ஏத்திவிட்டா? தினம் அஞ்சு மணிக்கு வீடே கொதிக்கணும். செய்தி வந்தா மட்டும் மூச்சைப் பிடிச்சுக்கணும். டெஸ்மண்ட் எங்கே நிப்பான் சொல்லு?”

“அடேங்கப்பா. உனக்கு மட்டும் எப்படித்தான் தோணுதோ.”

“ஓவன், இஸ்திரி, துணி காயவைக்கிற மிஷின், எல்லாம் ஓடணும்.”

“ஓவனைச் சும்மாவா ஓட்டுவே? உள்ளே ஒரு கோழியை வையேன்.”

“வைக்கலாமே.”

“நானே வைப்பேன். ஆனா எது எப்போ ஓடணும்னு உன் மூளைக்குத்தான் பிடிபடும்.”

நியாயமான பேச்சு. மறுநாளிலிருந்து ஐந்து மணி அடித்தால் நான் ஒரு படைத்தளபதி. ஓவனில் கோழி, அதன் பின்னே யார்க்‌ஷயர் புட்டிங், அதன் பின்னே ஆப்பிள் பை. கையில் இஸ்திரி. துவைத்த திரைச்சீலைகளையே மறுபடி துவைத்தேன்.

“இந்த மடிப்பு சரியில்லையே,” என்பாள்.

மீட்டருக்கு மடிப்பு தெரியாது. இருந்தாலும் மறுபடி தேய்த்தேன். அதுவும் கரண்ட் அல்லவா?

செய்தி வந்தது. மறுநாள் மாலை எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, மேலங்கியும் தொப்பியுமாக இருட்டில் உட்கார்ந்தோம். முன்பே போட்டு பிளாஸ்கில் வைத்த தேநீரைக் குடித்தோம். சொந்த வீட்டில் பிளாஸ்க் தேநீர் என்பது எங்கள் ஊரில் விவாகரத்துக்குப் போதுமான காரணம். மார்ஜரி முனகக்கூட இல்லை. அப்போதாவது நான் யோசித்திருக்க வேண்டும்.

முடிவு வந்தது. நாங்கள் முதலிடம். டெஸ்மண்ட் மயிரிழையில் இரண்டாமிடம்.

“ஹீட்டர் எனக்குத்தான்,” என்றேன்.

“உனக்கேதான். ஆனா அடுத்த செய்தி என்னிக்கு வருமோ? வழக்கம் இறங்கிட்டா முதலிடம் போயிடுமே.”

“இறங்க விடமாட்டேன்.”

“அப்போ அஞ்சு மணிக்கு ஹீட்டரும் ஓடணும் இல்லையா?”

“கட்டாயம்.”

“ஆளில்லாத அறையில ஹீட்டர் ஓடறது ஆபத்து. நீயோ சமையலறையில இருப்பே. போனாப் போகுது, நான் உக்காந்துக்கறேன்.”

அன்று மாலை மாவுக் கையோடு சமையலறை ஜன்னலில் நின்றேன். எதிர் ஜன்னலில் டெஸ்மண்ட், ஏப்ரன் கட்டிக்கொண்டு, போர்வையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். ஜன்னலைத் திறந்தேன்.

“வழக்கத்தை ஏத்தறியா?”

“நானே கண்டுபிடிச்சது,” என்றான் பெருமையாக. “பிரெண்டாவுக்கு அந்தக் கணக்கு புரியலையாம். கொஞ்சம் பாரேன்னா.”

அவன் ஏப்ரனைப் பார்த்தேன். என் மாவுக் கையைப் பார்த்தேன்.

“இப்போ உன் பெண்டாட்டி எங்கே?” என்று கேட்டேன்.

அவன் பதில் சொல்லுமுன் என் படிப்பறையிலிருந்து மார்ஜரியின் குரல் வந்தது: “லயனல், பிரெண்டாவுக்கும் சேர்த்து டீ போடு, அவளுக்கும் பாதம் இப்பத்தான் சூடாகியிருக்கு.”