மகுடத்தை எவன்டா எடுத்தது?

அன்புள்ள அத்தைக்கு,

என்மீது பாசமும் உங்கள் தம்பிமீது அதிகாரமும் ஒருங்கே உடைய ஒரே ஆள் நீங்கள் என்பதால், வணங்கி எழுதிக்கொள்வது. நான் நலம். அம்மா நலம். அண்ணன் நலமாக இருப்பதுபோல் நடிக்கிறான். இந்த நலமெல்லாம் சனிக்கிழமையைத் தாண்டுமா என்பது உங்கள் கையில், சரியாகச் சொன்னால் உங்கள் காலில்தான் இருக்கிறது. போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்பா இருமும்போதெல்லாம் அணைத்துவிடுகிறேன். எழுத்து எங்கே கோணலாகப் போகிறதோ, அங்கே அவர் இருமினார் என்று கொள்ளவும்.

அண்ணனும் கூட்டாளிகளும் ஹெவி மெட்டல் குழு வைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். கிடார் அலற, டிரம் இடிக்க, பாடுகிறவர் அடிவயிற்றிலிருந்து உறும வேண்டிய இசை. “வீடு இடிக்கிற சத்தத்துக்கெல்லாம் டிக்கெட்டாடா?” என்று அப்பா கேட்டதோடு வீட்டில் அந்தப் பேச்சு முடிந்தது. மெத்தைக் கடைக்காரர் அல்லவா? “நம்ம தொழிலே தூக்கம். சத்தம் போடுறவன் நம்ம பொழப்புல மண்ணப் போடுறவன்” என்பது அவர் கொள்கை. ஆனால் ஆல்பம் பதிவுசெய்ய ஸ்டூடியோ வேண்டுமே? சுவர் முழுக்க மெத்தை அடுக்கி, உள்ளே உயிர்போகக் கத்தினாலும் வெளியே கேட்காத அறை ஒன்றே ஒன்றுதான் இவர்களுக்குத் தெரியும். ஆமாம் அத்தை, கடைக்குப் பின்னால் இருக்கும் அப்பாவின் கிடங்கேதான். சாவியை அண்ணனிடம் கொடுத்துவைத்தவரும் அப்பாவேதான்.

எனக்கும் இதற்கும் எள்ளளவும் சம்பந்தம் இல்லை. சைக்கிளுக்காகத்தான் போனேன். என்னைக் கேட்காமல் எடுத்துப்போய், அதில் டிரம்மைக் கட்டி, பின்சக்கரத்தைக் கோணலாக்கி வைத்திருந்தார்கள். பள்ளியில் என்னை ஊமைக்கோட்டான் என்பார்கள். நான் பேசினால் பக்கத்து பெஞ்சுக்கே கேட்காது. அந்தச் சக்கரத்தைப் பார்த்ததும் எங்கிருந்துதான் வந்ததோ தெரியவில்லை. கிடங்குக் கதவைத் தள்ளி, “என் சைக்கிள எவன்டா எடுத்தது!” என்று கத்தினேன். மெத்தை ஒன்று தானாகச் சரிந்து விழுந்தது. பாடகருக்குக் குழுவில் சிங்கம் என்று பெயர். அன்று தொண்டை கட்டி, பூனை மாதிரி மூலையில் உட்கார்ந்து வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார். மைக் அணைக்கப்படவில்லை. நான் கத்தியதை அவர்கள் திரும்பப் போட்டுக் கேட்டார்கள். சிங்கம்தான் எழுந்து வந்து, “தங்கச்சி, இதே கோவத்துல ‘மகுடத்தை எவன்டா எடுத்தது’ன்னு ஒரு தடவ சொல்லும்மா” என்று கரகரத்தார். ராஜாவின் மகுடம் திருடுபோகும் பாட்டாம். சொன்னேன். அப்புறம் அண்ணன், “சக்கரத்த நாளைக்கே சரிபண்றேன், இன்னும் ஒரு பாட்டு” என்றான். ஆறு பாட்டும் முடிந்துவிட்டது அத்தை, சக்கரம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் ஆல்பம் வந்துவிட்டது! குறுந்தகடுகள் ஒரு பெட்டி நிறைய என் கட்டிலுக்கடியில் இருக்கின்றன. கேட்ட பையன்களெல்லாம், “யார்டா அந்தப் பூதம்?” என்று கேட்கிறார்களாம். அந்தப் பூதம் நான்தான்! எழுதும்போதே புல்லரிக்கிறது.

இனி சிக்கலைச் சொல்கிறேன். சத்தம்தான் வெளியே வரவில்லை, அதிர்வு வந்துவிட்டது. கிடங்குச் சுவரை ஒட்டிக் கடையில் ஒரு கட்டில் கிடக்கிறதல்லவா, அதில் தையற்கார அம்மா ஒருத்தர் படுத்துப் பார்த்திருக்கிறார். “ஏங்க, இந்த மெத்த உள்ளுக்குள்ள கிறுகிறுன்னு அதிருதே! இடுப்பு வலிக்கு எவ்ளோ இதமா இருக்கு!” என்றாராம். அப்பாவும் தொட்டுப் பார்த்து, தன் சரக்கின் மகிமையைத் தானே வியந்து, “புது மாதிரிப் பஞ்சும்மா” என்று சொல்லி விற்றுவிட்டார். அதுபோல் இன்னும் பல பேருக்கு. வீட்டுக்குப் போன மெத்தை எதுவும் அதிரவில்லை, பதிவும் முடிந்துவிட்டதால் இப்போது கடையிலும் அதிர்வதில்லை. வாங்கினவர்கள் நாளை திரண்டு வருகிறார்களாம். அப்பா துருவ ஆரம்பித்தால் கிடங்கு, அண்ணன், பூதம் என்று வரிசையாக மாட்டுவோம். சனிக்கிழமை ஆல்பம் வெளியீட்டு மேடையில் நான் பாட வேண்டும். ஒருதடவை மனுஷங்க முன்னாடி பாடிட்டேன்னா போதும், அப்புறம் என்ன அடி விழுந்தாலும் வாங்கிக்கிறேன் அத்தை. ஆகவே உடனே அப்பாவுக்குப் போன் செய்து, கால் உடைந்துவிட்டது, ஒத்தாசைக்கு மருமகளை அனுப்பு என்று சொல்லவும்; அந்தச் சாக்கில் வீட்டைவிட்டுக் கிளம்பி மேடைக்குப் போய்விடுவேன். எந்தக் கால் என்பது உங்கள் விருப்பம்.

மாமாவுக்கு என் வணக்கம். உங்கள் ஆசி என் தலைமேலும், உங்கள் அதட்டல் அப்பாவின் தலைமேலும் என்றென்றும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
நடுங்கும் மருமகள்

பி.கு.: அத்தை, காலை உடைத்துக்கொள்ள வேண்டாம். இதைத் தபாலில் போடுவதற்குள் மறுநாள் மத்தியானமே ஆகிவிட்டது. காலையில் முதல் ஆளாகத் தையற்கார அம்மா, கணவர் தலையில் மெத்தையோடு கடைக்கு வந்து, “அதிரும்னு பொய் சொல்லி வித்துட்டீங்களே!” என்றார். அப்பா முகம் செத்துப்போனது. “என்ன யாருமே பொய்யன்னு சொன்னதில்லம்மா” என்று அவர் சொன்னபோது எனக்குத் தாங்கவில்லை. “அப்பா, அதிர்ந்தது மெத்த இல்ல. நாங்க” என்றேன். அப்பா எங்களைப் பார்த்த பார்வையில் அண்ணன் ஒரு கட்டிலுக்குப் பின்னால் போய்விட்டான். தையற்கார அம்மாதான், “அப்ப அதப் போடுங்க, பாக்கலாம்” என்று கறாராகப் படுத்துவிட்டார். வேறு வழியில்லாமல் அப்பாவும் பக்கத்துக் கட்டிலில் சாய்ந்தார். அண்ணன் ஸ்பீக்கரைத் தரையில் வைத்து ஆல்பத்தைப் போட்டான். உலகமே நடுங்க வேண்டும் என்று நான் உறுமிய உறுமலில், முதல் பாட்டு முடிவதற்குள் இருவரும் குறட்டை விட்டார்கள். ஆறாவது பாட்டு முடிந்ததும் அப்பா எழுந்து சோம்பல் முறித்து, “இது நீயா பாடுன?” என்றார். ஆமாம் என்றேன். “சனிக்கிழம நானும் வரேன். எனக்கு முன்வரிசைல நாற்காலி வேணாம், மெத்த போடச் சொல்லு.”