கண்ணில் படாத குடும்பம்

ஆர்வக்கோளாறுக்கு இன்னும் ஊசி கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்தால் முதல் ஊசியை எனக்குத்தான் போட வேண்டும் என்பது என் மனைவி பூங்கொடியின் நெடுநாள் கோரிக்கை.

திருச்செங்கோட்டில், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்கு உதிரி பாகம் விற்பவன் நான். சில வருடங்களுக்கு முன், கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த ஒரு மதியம், கைபேசியில் ஒரு வீடியோ பார்த்தேன். கூட்டத்தில் நெரிசலோ கலவரமோ திருட்டோ நடந்தால் தப்பிப்பது யார்? பளிச்சென்று உடுத்தாதவர்கள்தானாம். எழுத்து, பளபளப்பு, நகை எதுவும் கூடாது. குடும்பமே கண்ணில் படாத நிறத்தில் இருக்க வேண்டுமாம். எனக்குப் புல்லரித்துவிட்டது. (கிரீஸ் படிந்த என் கடைச் சட்டை ஏற்கெனவே அந்தத் தகுதி பெற்றதுதான்.) அடுத்த வாரம் தேர்த் திருவிழா, ஊரே திரளும். குடும்பத்தைக் காப்பாற்ற இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா!

அன்றைக்கே எடப்பாடிக்குப் பஸ் ஏறினேன். அங்கே என் மச்சினன் கதிர்வேல் தறி ஓட்டுகிறான்.

"மாப்ள, பாத்தாலும் மனசுல நிக்கக் கூடாது. அப்படி ஒரு துணி வேணும்."

அவன் மூலையில் கிடந்த சாம்பல் நிறக் கட்டு ஒன்றை உருட்டிக் காட்டினான். "ஒரு ஆர்டருக்கு ஓட்டுனதுல மிச்சமுங்க மாமா. இதே கலர்ல சேலையும் கெடக்குது. சும்மா எடுத்துட்டுப் போங்க."

யாருடைய ஆர்டர் என்று நான் கேட்கவில்லை. சும்மா வந்த துணியிடம் யாராவது குலம் கோத்திரம் விசாரிப்பார்களா?

பூங்கொடி சேலையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள். "ஏனுங்க, தேரும் அதுவுமா இதையா கட்டறது? எந்த ஊட்ல எழவுன்னு கேக்கப் போறாங்க."

"கேக்க மாட்டாங்க புள்ள. நம்மளப் பாத்தாத்தான கேப்பாங்க!"

ஒன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த மகள் யாழினிக்குத் தேருக்கென்று எடுத்திருந்த ரோஸ் பட்டுப் பாவாடையைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். அவள் அழுதாள். பாதுகாப்பைப் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். இன்னும் சத்தமாக அழுதாள். கடைசியில் சாம்பல் சட்டை, சாம்பல் சேலை, சாம்பல் கவுனுடன் மூவரும் கண்ணாடி முன் நின்றோம். சுவரோடு சுவராகத் தெரிந்தோம். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

தேர் அசைந்தபோது எழுந்த ஆரவாரத்தில் உடம்பெல்லாம் சிலிர்த்தது. யாழினியைத் தோளில் தூக்கிக்கொண்டு நானும் கத்தினேன். அந்த ஜனத்திரளில் ஒருவரும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. திட்டம் அமோக வெற்றி! அந்தக் களிப்பில் பசியும் கிளம்பியது. பக்கத்தில் இருந்த அன்னதானப் பந்தலுக்குள் நுழைந்து மகளை இறக்கிவிட்டேன்.

மச்சினனின் ஆர்டர் யாருடையது என்று அங்கேதான் தெரிந்தது. பரிமாறுகிற ஆண்கள் அத்தனை பேருக்கும் சாம்பல் சட்டை. பெண்களுக்குச் சாம்பல் சேலை. எல்லாம் எங்கள் துணி.

நிற்கக்கூட விடவில்லை. ஒரு பெரியவர் என் கையில் வாளியைத் திணித்தார். "நீங்க வேடிக்கை பாத்துட்டு நின்னா எப்படீங்க? அந்த வரிசை பூராம் ரசமில்லாம உக்காந்திருக்குதுங்க!"

"இல்லீங்க, நாங்க சாப்பிட…"

"கடைசிப் பந்தியில சாப்புட்டுக்கலாம், வாங்க வாங்க!"

இலையில் சோற்றைக் குழித்து வைத்துக்கொண்டு ஒருவர் அண்ணாந்து பார்க்கும்போது, வாளியோடு நிற்பவன் 'நான் அந்த ஆளில்லை' என்று சொல்ல முடியுமா? எங்கள் பக்கத்தில் அதைவிடப் பெரிய பாவம் கிடையாது. ஊற்றினேன். எதிர் வரிசையில் பூங்கொடி பொரியல் வைத்துக்கொண்டிருந்தாள். முறைத்துக்கொண்டே வைத்தாள்.

பந்தி எழுந்ததும் என்னிடம் வந்தாள். "பாப்பா எங்கீங்க?"

"உங்கூட இல்லியா?"

அவள் முகம் வெளுத்தது. பந்தல் முழுக்கச் சாம்பல்; அதற்குள் ஒரு சாம்பல் கவுனை எப்படித் தேடுவது? நிஜமாகவே பயந்தேன். அந்த வீடியோக்காரன் மட்டும் கையில் கிடைத்திருந்தால் ரச அண்டாவிலேயே முக்கி எடுத்திருப்பேன்.

இருவரும் காவலர் கூடாரத்துக்கு ஓடினோம். மைக் பிடித்திருந்த பெண் காவலர் கேட்டார்: "புள்ள என்ன கலர் துணி போட்டிருக்குதுங்க?"

"சாம்பல் கலருங்க."

"அடையாளமா எதாச்சும்? வளையல், பொட்டு, பூ?"

"ஒண்ணும் இல்லீங்க. அடையாளமே தெரியக் கூடாதுன்னுதானுங்க…"

அவர் மைக்கை இறக்கிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். புள்ளையைத் தொலைப்பதற்கு இவ்வளவு சிரத்தை எடுத்துக்கொண்ட தகப்பனை அவர் பணிக்காலத்தில் பார்த்திருக்க மாட்டார்.

அறிவிப்பு கேட்டதும் சாம்பல் சட்டைக்காரர்கள் வரிசையாக வர ஆரம்பித்தார்கள். ஆளுக்கொரு குழந்தை. எதுவும் என் குழந்தை இல்லை. (ஒன்று நன்றாக வளர்ந்த பையன்.) பூங்கொடி அழத் தொடங்கியபோது, கையில் உப்புக் கிண்ணத்தோடு ஒருவர் வந்தார். அவருடைய சட்டை நுனியைப் பிடித்தபடி யாழினி.

"இந்தச் சாமி அப்பவே புடிச்சுட்டு என் பின்னாலயே வருதுங்க. வுடவே மாட்டீங்குது. நம்ம ஆளுக யாரோட புள்ளையோன்னு நெனச்சனுங்க."

யாழினி துள்ளிக்கொண்டு வந்தாள். "அப்பா, எல்லா எலைக்கும் நாந்தான் உப்பு வெச்சேன்!" அப்புறம்தான் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் உயரத்துக்குச் சட்டை நுனி மட்டும்தான் தெரிந்திருக்கிறது. நுனி அப்பாவுடையதாக இருந்தது, பிடித்துக்கொண்டாள். அவளை வாரி அணைத்து, நானும் வெட்கமில்லாமல் அழுதேன்.

ஒவ்வொரு வருடமும் தேருக்கு முன்னால் அந்தப் பெரியவர் போன் செய்து, "ரசத்துக்கு நீங்கதானுங்க" என்பார். பந்தலில் என்னை நிரந்தர ஆளாக்கிவிட்டார்கள். யாழினி இப்போது என் தோள் உயரம். இன்றைக்கும் கூட்டமான இடம் எதற்குள் நுழைந்தாலும் என்னை நிறுத்தி, முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, தன் அம்மாவிடம் திரும்பிச் சொல்வாள்: "நம்ம அப்பாதான்மா, போலாம்."